முதல் முறை மலைக்குடிலில் இரவு தங்கப் போகிறோம்: எந்தக் குடில், என்ன ஆயத்தம்?

பனிப்பூ (பேர்ண்)

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை இரவை மலைக்குடிலில் கழிப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நானும் கணவரும், 13, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. அம்மாவுக்கு 66 வயது. ஆரே ஆற்றங்கரையில் தினமும் நடப்பவர், முழங்காலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மலை ஏறிப் பழக்கமில்லை. ஊரில் சிவனொளிபாத மலை ஏறியதுதான் கடைசி, அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.

மகள் ப்ளூம்லிசால்ப் குடிலின் படங்களைப் பார்த்துவிட்டாள். போனால் அங்கேதான் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அம்மாவால் முடியுமா? முன்பின் தெரியாதவர்களுடன் ஒரே வரிசை மெத்தையில் படுக்கவேண்டும் என்கிறார்களே, அது எப்படி இருக்கும்? நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அம்மா சுத்த சைவம். என்ன சாமான் கொண்டுபோக வேண்டும், எதை விட்டுவிட்டுப் போகலாம்? போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தூன்வாசி

வணக்கம் பனிப்பூ. ப்ளூம்லிசால்ப் இந்த முறைக்கு வேண்டாம். குடில் அருமையானது, அதில் மறுப்பே இல்லை. ஆனால் ஓஷினென் ஏரிக்குப் போகும் கேபிள் கார் உங்களை 1700 மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிவிடும். குடில் 2800 மீட்டருக்கு மேலே, ஹோத்யூர்லி கணவாய்க்குப் பக்கத்தில். 1100 மீட்டருக்கு மேல் ஏற்றம், கடைசிப் பகுதி செங்குத்தான சரளைச் சரிவு. அம்மா ஏறிவிடக்கூடும். அடுத்த நாள் அதே சரிவில் இறங்கவேண்டும், அங்கேதான் முழங்கால் கதைக்கத் தொடங்கும்.

குடிலைப் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், உயரத்தைப் பார்த்தும் தெரிவு செய்யாதீர்கள். போகிற பாதையைப் பாருங்கள். சுவிஸில் அது சுலபம். மஞ்சள் பலகை மட்டும் இருந்தால் சாதாரண நடைபாதை. கல்லில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை பூசியிருந்தால் மலைப்பாதை: செங்குத்தாக இருக்கும், வழுக்கும், நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு, பனியாறு, பாறை ஏற்றம் எல்லாம் வரக்கூடும், உங்களுக்கு அது வேண்டாம். பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். 10 வயதுப் பிள்ளையும் 66 வயது அம்மாவும் சேர்ந்து போகும்போது அதன்மேல் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் யோசனை லெம்மெரன் குடில். லொய்க்கர்பாட் வரை பஸ், அங்கிருந்து கெம்மி கணவாய்க்குக் கேபிள் கார். கெம்மியில் இருந்து லெம்மெரன்போடன் என்ற அகன்ற தட்டை வெளியைக் கடந்து போகவேண்டும். ஆறு கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் இடம், பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். கடைசியில்தான் ஏற்றம். மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குடில் 2500 மீட்டர் அளவில் இருக்கிறது, சுவிஸ் ஆல்ப்ஸ் மலைக்கழகத்தினுடையது, அதாவது எஸ்.ஏ.சி. அடுத்த நாள் வந்த வழியே திரும்பவேண்டியதில்லை. கெம்மி வரை வந்து, டௌபன் ஏரிக் கரையோடு நடந்து, ஷ்வாரன்பாக் விடுதியில் தேத்தண்ணி குடித்து, சுன்பூலில் இருந்து கேபிள் காரில் கன்டர்ஸ்டெக் இறங்கலாம். பெரும்பாலும் மெல்லிய இறக்கம். கன்டர்ஸ்டெக்கில் ரயில் ஏறினால் பேர்ண். கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

குடிலுக்குள் ஒழுங்கு இப்படி இருக்கும். பின்னேரம் நான்கு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், கோடையில் இடிமழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். சப்பாத்தை வாசலுக்குப் பக்கத்து அறையில் கழற்றி வைத்துவிட்டு, அங்கேயே அடுக்கியிருக்கும் வீட்டுச் செருப்பில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பொறுப்பாளரிடம் பெயரைச் சொன்னால் படுக்கையைக் காட்டுவார். குடில் புத்தகத்தில் எங்கிருந்து வந்தீர்கள், நாளை எங்கே போகிறீர்கள் என்று எழுதவேண்டும். அதைச் சடங்காக நினைக்கவேண்டாம். ஆள் காணாமல் போனால் மீட்புப் படை முதலில் திறப்பது அந்தப் புத்தகத்தைத்தான். ஆறரை மணியளவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, பத்து மணிக்கு விளக்கு அணையும்.

படுக்கை பற்றிப் பயப்படாதீர்கள். நீண்ட மேடையில் மெத்தைகள் வரிசையாக இருக்கும், ஆளுக்கு ஒரு தலையணை, போர்வை. ஒரு குடும்பத்தைச் சேர்த்துத்தான் படுக்கவைப்பார்கள். சுவர்ப்பக்கம் அம்மாவை விட்டுவிட்டால் அவருக்குப் பக்கத்தில் நீங்கள்தான். சில குடில்களில் சின்ன அறைகளும் உண்டு, பதிவு செய்யும்போது கேளுங்கள். ஆளுக்கொரு மெல்லிய துணி உறை கட்டாயம். கடையில் ஹூட்டன்ஷ்லாஃப்சாக் என்று கேட்டால் தருவார்கள், பட்டில் வாங்கினால் கைக்குள் அடங்கும். போர்வைகளை ஒவ்வொரு நாளும் துவைக்க மேலே தண்ணீரும் இல்லை, வசதியும் இல்லை. அதற்காகத்தான் இது.

முனிச்_தென்றல்

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், இப்போது மியூனிக். பெரும்பாலும் ஆஸ்திரியா, பவேரியா பக்கக் குடில்களில் தங்குவேன். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் சமையல்காரருக்குத் தர்மசங்கடம், மேலே கடை கிடையாது. முன்கூட்டியே சொன்னால் நன்றாகவே கவனிப்பார்கள். இறைச்சிக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி சேர்த்த மாவுப் பண்டமோ, துருவிய உருளைக்கிழங்கைப் பொரித்த ரோஸ்டியோ, காய்கறிக் குழம்போ வரும். முட்டையும் சாப்பிடமாட்டார் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்க, அவர்கள் சைவம் என்றால் முட்டையைச் சேர்த்துத்தான் நினைப்பார்கள். சூப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பார்லி சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது அந்த மலைகளில் வழக்கம். அம்மாவுக்கு ஒரு சின்ன டப்பாவில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்க, சாதம் கிடைத்தால் கவலையே இல்லை.

இன்னொன்று, கழக உறுப்பினர் ஆவது. ஜெர்மன், ஆஸ்திரியக் கழகங்களில் உறுப்பினருக்கு ஒரு இரவுக்குக் குறைந்தது 10 யூரோ குறையும். கழகங்களுக்கிடையே பரஸ்பர ஒப்பந்தம் இருப்பதால் என் ஜெர்மன் அட்டைக்கு சுவிஸ் குடிலிலும் உறுப்பினர் விலைதான். ஜெர்மன் கழக அட்டையில் மலை மீட்புச் செலவுக்கு 25,000 யூரோ வரை காப்பீடும் சேர்ந்தே வருகிறது. வருஷத்தில் சில இரவுகள் தங்குகிறவர்களுக்கு அட்டை எடுப்பது லாபம். ஒரே ஒரு இரவுக்கு அவசியமில்லை, உறுப்பினர் இல்லாதவர்களையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள்.

பனிப்பூ (பேர்ண்)

இரண்டு பேருக்கும் நன்றி. லெம்மெரன் பாதையை வரைபடத்தில் பார்த்தோம், அம்மாவுக்கே பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. அம்மா இரவில் இரண்டு தரம் எழும்புவார், இருட்டில் எப்படி? தண்ணீர் குழாயில் பிடிக்கலாமா, போத்தல் வாங்கவேண்டுமா?

தூன்வாசி

ஆளுக்கொரு தலைவிளக்கு. சிவப்பு வெளிச்சம் உள்ளதாக இருந்தால் மற்றவர்களின் கண்ணில் குத்தாது. அம்மாவைக் கதவுக்குப் பக்கத்து வரிசையில் விடச்சொல்லிக் கேளுங்கள், வயதானவர் என்றால் மறுக்கமாட்டார்கள். படுக்கப் போகும் முன்பே கழிப்பறை எங்கே என்று ஒரு தடவை அவரோடு நடந்து காட்டிவிடுங்கள், சில குடில்களில் அது வெளியே இருக்கும். காலைக்குத் தேவையானதை இரவே எடுத்து வையுங்கள். ஐந்து மணிக்கு அறைக்குள் பிளாஸ்ரிக் பை சரசரப்பதைப் போல எரிச்சலூட்டும் சத்தம் குடிலில் வேறு இல்லை. சாமான்களைத் துணிப்பைகளில் பிரித்து வைத்தால் அந்தப் பிரச்சினை வராது. காதடைப்பான் கட்டாயம்.

தண்ணீர் குடிலுக்குக் குடில் மாறும். பல இடங்களில் குழாயில் வருவது பனியுருகிய நீர், குடிக்க ஏற்றதல்ல என்று எழுதியிருப்பார்கள். போத்தல் தண்ணீரோ சுடுதேத்தண்ணியோ காசுக்கு வாங்கவேண்டும். குளியலை மறந்துவிடுங்கள். கோடை முடிவில் மேலே பனி தீர்ந்துபோனால் கைகழுவும் நீருக்கே தட்டுப்பாடு வரும்.

2500 மீட்டரில் முதல் இரவு நித்திரை சரியாக வராது, இலேசான தலையிடி வரலாம். வழி நெடுகத் தண்ணீர் குடிக்கவையுங்கள், மெதுவாக நடக்கட்டும். அம்மா இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர் என்றால் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே போங்கள். தலையிடியோடு வாந்தியும் வந்தால் பொறுத்துப் பார்க்காமல் கீழே இறங்கவேண்டும். நீங்கள் போகும் இடத்தில் கேபிள் கார் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது. லெம்மெரனைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

சூரிச்_பொடியன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த விலைதான் விளங்கவில்லை. பெரியவர்களுக்கு இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாட்டோடு 80, 90 பிராங்க் கேட்கிறார்கள். குளியல் இல்லை, தனி அறை இல்லை, தண்ணீருக்கும் தனிக் காசு. ஐந்து பேர் குடும்பத்துக்குக் கீழே நல்ல ஹோட்டலே கிடைக்கும். எஸ்.ஏ.சி. குடில்களில் ஆள் இல்லாத காலத்தில் குளிர்கால அறை திறந்தே இருக்கும், அடுப்பு, விறகு, போர்வை, பாத்திரம் எல்லாம் உண்டு என்று படித்தேன். ஜனவரியில் நாங்கள் ஆறு பொடியன்கள் பனிச்சப்பாத்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். பதிவு எதற்கு? இடம் இருந்தால் படுப்போம், இல்லாவிட்டால் நெருக்கிப் படுப்போம்.

தூன்வாசி

தம்பி, இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

விலை முதலில். ரோட்டுப் போகாத குடிலுக்கு அரிசி, மாவு, எரிவாயு, பியர் போத்தல் வரை பெரும்பாலும் ஹெலிகொப்டரில்தான் மேலே வருகிறது. குப்பையும் அதிலேயே கீழே போகிறது. அதனால்தான் நீங்கள் கொண்டுபோன குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கழகம் 1863இல் ஓல்டென் நகரில் தொடங்கியது. அதே வருஷம் தோடி மலையடியில் க்ரூன்ஹோர்ன் என்ற முதல் குடிலைக் கட்டினார்கள். இன்று 150க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர்க்கிளை பொறுப்பு, கூரை மாற்றுவதில் இருந்து விறகு அடுக்குவது வரை பெருமளவு சம்பளம் இல்லாத வேலை. நிலமும் இப்போது சும்மா இருப்பதில்லை. அலெட்ஷ் பனியாற்றுக்கு மேலே இருக்கும் கொன்கோர்டியா குடிலைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டியபோது பனியில் இருந்து சிறிது ஏறினால் குடில். பனியாறு உருகி உருகித் தாழ்ந்துபோக, இன்று பாறைச்சுவரில் பொருத்திய இரும்பு ஏணிகளில் 400 படிக்கு மேல் ஏறவேண்டியிருக்கிறது. பனி தாழத் தாழக் கீழே புதுப் படி சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் செலவும் உங்கள் 80 பிராங்கில் இருக்கிறது.

குளிர்கால அறை இலவசம் இல்லை. உண்டியலிலோ, கைபேசியில் காசு அனுப்பும் ட்விண்ட் செயலியிலோ காசு கட்டவேண்டும், புத்தகத்தில் பெயர் எழுதவேண்டும். இப்போது பல குடில்கள் அதற்கும் பதிவு கேட்கின்றன. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று காசு போடாமல் போகிறவர்களால்தான் கதவுக்குப் பூட்டு வருகிறது. ஆஸ்திரியாவில் பல குளிர்கால அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. கழக உறுப்பினர் முன்பணம் கட்டித் திறப்பு வாங்கவேண்டும்.

இனி முக்கியமான விஷயம். அறை திறந்திருக்கும் என்பது பாதை திறந்திருக்கும் என்று ஆகாது. கோடையில் பிள்ளைகள் ஓடித் திரிகிற அதே வழி ஜனவரியில் பனிச்சரிவு விழும் வழி. லெம்மெரன்போடன் தட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் மலை. நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் போதாது, மேலே 30 பாகைக்கு மேல் சரிவு இருந்தால் அது உங்கள் மேல் வரும். பலகைகள் பனிக்குள் புதைந்திருக்கும். மூடுபனி இறங்கினால் வானமும் நிலமும் ஒரே வெள்ளை. ஆறு பேரில் ஒருவருக்காவது பனிச்சரிவு அறிக்கை வாசிக்கத் தெரியுமா? தாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு வெளியிடுகிறது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. ஆபத்து ஐந்து நிலை. மூன்று நடுவில் இருக்கிறதே, பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் இறக்கிறார்கள்.

புதைந்தவரின் சமிக்ஞையைப் பிடிக்கும் தேடும் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீட்டுக்கோல், மண்வெட்டி மூன்றும் ஆளாளுக்கு வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். ஹெலிகொப்டர் வந்து சேர அதைவிட நேரம் ஆகும். எடுக்கப்போவது கூட வந்தவன்தான். கருவி வாடகைக்குக் கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.

ஒஸ்லோ_நெய்தல்

இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நோர்வே அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன், ஆள் இல்லாத குடில் இங்கேதான் அதிகம்.

இங்குள்ள மலைச்சங்கத்தை டி.என்.டி. என்போம், 1868இல் தொடங்கியது. 500க்கு மேற்பட்ட குடில்கள். ஆள் இருந்து சமைத்துப் போடுவது ஒரு வகை. இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது: ஆள் இல்லை, ஆனால் உணவுச் சேமிப்பறை இருக்கும். சூப் பொட்டலம், தகரமீன், ஓட்ஸ், கோப்பி எல்லாம் அடுக்கியிருக்கும். எடுத்ததைப் பட்டியலில் எழுதிக் காசைக் கட்டவேண்டும். பார்த்து நிற்க ஒருவரும் இல்லை. மூன்றாவது வகையில் சாப்பாடும் இருக்காது, நாமே சுமக்கவேண்டும். பூட்டியிருக்கும் குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே திறப்பு, உறுப்பினர்கள் முன்பணம் கட்டி வாங்கலாம்.

குளிர்காலத்தில் இரவு அங்கே தங்கினால் வேலை செய்துகொண்டே இருக்கவேண்டும். போன உடனே அடுப்பு மூட்டி, வாளியில் பனி அள்ளி உருக்கவேண்டும். பானையில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் பானை தீயும். கழிப்பறைப் பக்கம் இல்லாத இடத்தில் பனி எடுங்கள். அடுப்பு எரியும்போது யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காற்றுப் போகாவிட்டால் நச்சு வாயு சேரும். காலையில் தரை கூட்டி, சாம்பல் அள்ளி, விறகு பிளந்து அடுக்கிவிட்டுத்தான் புறப்படவேண்டும். அடுத்து வருபவர் நனைந்து விறைத்து வருவார், அவர் கைக்கு உலர்ந்த விறகு எட்டவேண்டும்.

கோடையில் பாதை நெடுக சிவப்பு "T" எழுத்தைக் கல்லில் தீட்டியிருப்பார்கள். பாஸ்கா (ஈஸ்டர்) விடுமுறைக் காலத்தில் முக்கியமான பனிச்சறுக்குப் பாதைகளில் மரக்கிளைகளைப் பனியில் நட்டு வழி காட்டுவார்கள். முதன்முதலில் பனிச்சறுக்கில் குடிலுக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, கிளை நட்ட பாதையில், பாஸ்கா நேரத்தில் போங்கள். பகல் நீளம், ஆட்கள் நடமாட்டமும் இருக்கும். ஜனவரியில் போகாதீர்கள். இங்கே பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் மலை விதிகளில் ஒன்று, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. என் மகன் ஒரு தடவை காற்று எழும்பியதும், தூரத்தில் குடில் தெரிந்தபோதும், திரும்பி வந்தான். அவன் எடுத்த முடிவில் எனக்கு இன்றுவரை பெருமை.

சூரிச்_பொடியன்

அண்ணை, உங்கள் பதிலை நண்பர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு பேரில் ஒருவருக்கும் பனிச்சரிவுப் பயிற்சி இல்லை. ஆனால் குளிர்காலத்தில் போகவேண்டும் என்ற ஆசை போகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தூன்வாசி

ஆசை போகவேண்டாம் தம்பி. பனிக்குள் குடிலில் விடிகிற காலை மாதிரி ஒன்று கிடையாது, நீங்கள் எல்லோரும் அதைப் பார்க்கவேண்டும்.

முதலில் ஒரு வார இறுதிப் பயிற்சி. எஸ்.ஏ.சி. கிளைகளும் மலைவழிகாட்டிகள் நடத்தும் பள்ளிகளும் டிசம்பர், ஜனவரியில் நடத்தும். பல பயிற்சிகள் குடிலிலேயே நடக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சூரிச்சில் இருந்து லிடெர்னன் குடில் பக்கம். ரீமன்ஸ்டால்டன் பள்ளத்தாக்கில் ஒரு சின்னக் கேபிள் கார், அதற்கு மேலே நடை குறைவு, 1700 மீட்டர் உயரம்தான். பனிச்சறுக்குச் சுற்றுலா தொடங்குபவர்கள் நிறையப் பேர் அங்கேதான் போவார்கள். குளிர்காலத்தில் பொறுப்பாளர் இருக்கும் குடிலாகப் பாருங்கள். அன்றைய பனி எப்படி, எந்தச் சரிவில் போகக்கூடாது என்று அவரைவிட நன்றாக யாரும் சொல்லமாட்டார்கள். முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

பழகிய பிறகு ஷாமொனியில் இருந்து ஸெர்மாட் வரை குடில் குடிலாகப் பனிச்சறுக்கில் போகும் ஓட் ரூட் பாதை எல்லாம் கனவு காணலாம். அது பனியாற்றுக்கு மேலே கயிறு கட்டிப் போகிற வழி, பல வருஷம் தள்ளி.

பனிப்பூ (பேர்ண்)

இணையத்தில் லெம்மெரன் பதிவாகிவிட்டது. அம்மாவுக்கு சைவம், முட்டையும் வேண்டாம், மற்றவர்களுக்கு மாட்டிறைச்சி வேண்டாம் என்று எழுதினேன், குடிலில் இருந்து உடனே பதிலும் வந்தது. மகளுக்கு ப்ளூம்லிசால்ப் அடுத்த வருஷம், அப்பாவும் அவளும் மட்டும் போவதாக ஒப்பந்தம். கடைசியாக ஒன்று: காலையில் எழும்பும்போது மழை என்றால் என்ன செய்வது? போகாமல் விட்டால் காசு போய்விடுமா?

முனிச்_தென்றல்

ரத்து விதி குடிலுக்குக் குடில் வேறு, உங்கள் உறுதிச் சீட்டிலேயே எழுதியிருக்கும். காசு போனாலும் போகட்டும், சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் தங்கியிருந்த ஒரு குடிலில் எட்டுப் பேர் பதிவு செய்துவிட்டு வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. வெளியே இடிமழை. பொறுப்பாளர் இரவு ஒன்பது மணி வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு மீட்புக் குழுவை அழைப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தார். அவர்கள் காலையிலேயே திட்டத்தை மாற்றி ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எட்டுப் பேரின் சாப்பாடு வீண், இடமில்லை என்று முதலில் மறுக்கப்பட்டவர்களுக்கும் அந்தப் படுக்கைகள் கிடைக்கவில்லை.

தூன்வாசி

அதேதான். முதல் நாள் மாலையே வானிலை பாருங்கள். வெறும் மழை என்றால் மழைச்சட்டையோடு போகலாம், பாதை அப்படிப்பட்டதுதான். மதியத்துக்கு மேல் இடி என்று போட்டிருந்தால் முதல் பஸ்ஸில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கே குடிலில் இருங்கள். நாள் முழுக்க இடி என்றால் குடிலுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள். பாதி வழியில் தாமதமானாலும் ஒரு அழைப்பு: அம்மா மெதுவாக நடக்கிறார், ஆறு மணிக்கு வருவோம் என்று சொன்னால் சூப்பைச் சூடாக வைத்திருப்பார்கள்.

குடில் எண்ணையும் ரேகா மீட்புச் சேவையின் 1414ஐயும் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்துவிடுங்கள், மகளுடையதிலும். கைபேசி வேலை செய்யாத இடத்தில் விசிலோ விளக்கோ: நிமிடத்துக்கு ஆறு தரம், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று தரம் பதில் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு இதை ரயிலில் போகும்போதே சொல்லிக்கொடுங்கள். காசாக 100 பிராங்காவது கையில் வைத்திருங்கள், மேலே அட்டைக் கருவி இணைப்பு இல்லாமல் நிற்கும் நாட்களும் உண்டு.